உசிலம்பட்டிக்கு வந்த சோதனை

புதுமைப் படம் எடுப்பவர்களுக்கு எந்த ஊரிலும் ஒரே கவலைதான்: பார்க்க ஆள் வராது. பாரிசில் கறுப்புக் கோட்டுக்காரர்கள் பத்துப் பேர் வந்து, புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கலைந்துபோவார்கள். இந்திய அரசு இந்தச் சிக்கலைச் சட்டம் போட்டே தீர்த்துவிட்டது. ஒரு காலத்தில் எந்தக் கொட்டகையானாலும் மெயின் படத்துக்கு முன்னால் அரசு அங்கீகரித்த குறும்படத்தை ஓட்டியாக வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் லைசென்ஸ் போய்விடும் என்ற நிலை.

வெள்ளைக்காரன் 1943இல் போர்ப் பிரச்சாரத்துக்காகச் செய்த ஏற்பாடு இது. கப்பல் ஏறும்போது மறந்து வைத்துவிட்டுப் போனான் போல. 1948இல் அரசுக் குறும்படங்களை எடுக்க ஃபிலிம்ஸ் டிவிஷன் பிறந்ததும் நம்மவர்கள் அதைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டார்கள். உசிலம்பட்டிப் பக்கத்து டூரிங் டாக்கீஸுக்கும் விலக்கு கிடைக்கவில்லை. படத்துக்கான வாடகையும் கொட்டகைக்காரர் தலையில்தான். அடிக்கிறவனுக்குக் கூலியும் கொடுக்கிற கதை!

மணலைக் குவித்து, மேடு கட்டி உட்கார்ந்து, எம்.ஜி.ஆர். எப்போது வருவார் என்று காத்திருந்த சனத்துக்கு முதலில் ஏதோ ஓர் அணைக்கட்டுத் திறப்பு, அடுத்து பீகார் வெள்ளம். 'நியூஸ் ரீல்' என்று பெயர் வைத்து, அந்த நேரத்தை முறுக்கு வாங்க ஒதுக்கிக்கொண்டது சனம்.

இந்தச் சந்தடியில் பம்பாயில் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்குள்ளேயே ஒரு கூட்டம் விஷமத்தில் இறங்கியிருந்தது. 1956இல் கார்ட்டூன் பிரிவுக்குப் பாடம் சொல்ல, டிஸ்னி கம்பெனியிலிருந்து கிளேர் வீக்ஸ் வந்தார். 'பாம்பி' மான் படத்தில் வேலை பார்த்தவர். இங்கே வந்தும் மான்தான். புத்தர் ஜாதகக் கதையில் வரும் மான். மனுஷருடைய ஜாதகம் அப்படி.

பிரமோத் பதியின் போக்கே வேறு. ஒரிசாக்காரர். செக்கோஸ்லோவாகியாவுக்குப் போய், பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்திப் படம் பிடிக்கும் வித்தையைக் கற்றுவந்தவர். ஊர் திரும்பியதும் பொம்மைக்குப் பதிலாக மனுஷனையே நகர்த்த ஆரம்பித்தார். ஒரு போஸ், ஒரு ஃப்ரேம். கொஞ்சம் நகர், இன்னொரு ஃப்ரேம். ஒரு நிமிஷப் படத்துக்கு 1440 ஃப்ரேம். 1972இல் வந்த 'ஆபித்' அப்படி எடுத்ததுதான். 'பகதூர்' காமிக்ஸைப் படைத்த ஓவியர் ஆபித் சுர்தி ஓர் அறைக்குள் நின்று, சுவர், தரை என்று எதையும் விடாமல் வண்ணம் அடித்துத் தள்ளுகிறார். காலைத் தூக்காமலே வழுக்கிக்கொண்டு போகிறார். ஏன் அடிக்கிறார், கூலி எவ்வளவு என்பதற்கெல்லாம் படத்தில் பதில் இல்லை.

இந்த வித்தையில் கனடாவின் நார்மன் மெக்லாரன் மூத்தவர். அவருடைய 'நெய்பர்ஸ்' 1952இல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இருவர் எல்லையில் பூத்த ஒரு பூவுக்காக அடித்துக்கொண்டு சாகிறார்கள். அதற்கு ஆஸ்கர் கொடுத்தார்கள். உசிலம்பட்டியில் அதற்குப் பெயர் வரப்புத் தகராறு, வாய்தா கொடுப்பார்கள்.

பதியின் 'எக்ஸ்ப்ளோரர்' (1968) இன்னும் மோசம், அதாவது இன்னும் நல்ல படம். ஏழு நிமிஷத்துக்குள் சாமி, ஆய்வுக்கூடம், ஆட்டம் போடும் இளசுகள் எல்லாம் கண்ணைச் சிமிட்ட விடாமல் மாறி மாறி வந்து விழுகின்றன. விளக்கம் சொல்லும் குரலே இல்லை. விஜய் ராகவ ராவ் போட்ட சத்தம் மட்டும் காதைக் குடைகிறது. இதற்குக் கொட்டகையில் என்ன விமர்சனம் கிளம்பியிருக்கும் என்று ஊகிக்க ஆராய்ச்சிப் பட்டம் வேண்டாம்: "யோவ் ஆப்பரேட்டரு, ரீலு மாறிப்போச்சுய்யா!"

அந்த ஆப்பரேட்டரே ஒரு புதுமைக் கலைஞர் என்பதுதான் வேடிக்கை. மெக்லாரன் கறுப்பு ஃபிலிமைப் பேனாக்கத்தியாலும் ஊசியாலும் பிளேடாலும் கீறி 'பிளிங்கிட்டி பிளாங்க்' எடுத்தார். 1955இல் கான் விழாவில் பரிசு வாங்கினார். நம் ஆளிடம் வரும் பிரிண்ட், பத்து ஊர் சுற்றி ஏற்கெனவே கீறப்பட்டுத்தான் வரும். பாலைவனக் காட்சியிலும் மழை கொட்டும். ஃபிலிம் அறுந்தால் ஓரத்தைப் பிளேடால் சுரண்டி, சிமெண்ட் தடவி ஒட்டுவார். ஒட்டும்போது பத்து ஃப்ரேம் காணாமல் போக, திண்ணையில் நின்ற எம்.ஜி.ஆர். அடுத்த நொடி குதிரைமேல் இருப்பார். பிரெஞ்சு டைரக்டர் கோடார் இதைச் செய்தபோது புரட்சி என்றார்கள். இவருக்கு விசில், கூடவே கெட்ட வார்த்தை. 'புகை பிடிக்காதீர்' ஸ்லைடும் கைவேலைதான். மை பூசிய கண்ணாடியில் ஊசியால் கிழித்த எழுத்து, திரையில் ஆள் உயரத்துக்கு நடுங்கும்.

பதி 1975இல், நாற்பதைத் தாண்டிய கொஞ்ச நாளிலேயே இறந்துபோனார். ஃபிலிம்ஸ் டிவிஷனை 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்துவிட்டார்கள். இப்போது அவர் படங்களைப் பார்ப்பவர்கள் மூச்சுவிடாமல் உட்கார்ந்து குறிப்பு எடுக்கிறார்கள். முறுக்குச் சத்தம் கிடையாது.

ஆப்பரேட்டர் வெட்டி எறிந்த ஃபிலிம் துண்டுகளைக் கொட்டகைப் பின்பக்கம் பொறுக்கிய பையன்களுக்குத் தனி மார்க்கெட் இருந்தது. ஃபியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றினால் லென்ஸ். கண்ணாடியில் வெயிலைத் திருப்பினால் விளக்கு. அப்பாவின் வேட்டி திரை. ஒரு வாள்சண்டைத் துண்டுக்கு ஐந்து கோலிக்குண்டு வரை போகும். நியூஸ் ரீல் துண்டைச் சும்மா கொடுத்தாலும் எவனும் வாங்க மாட்டான்.