சாப்பிட்டேன் என்று எழுதாதீர்கள்

ஆங்கிலத்தில் அழைப்பிதழோ அலுவலக மெயிலோ எழுத உட்காரும் தமிழரை முதலில் மறிக்கும் சொல் ‘ஈட்’. மூன்றே எழுத்து, எல்.கே.ஜி.யில் படித்தது. ஆனால் ஐம்பது வயதில், பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டங்களை வைத்துக்கொண்டு அதை எழுதக் கை கூசுகிறது. சம்பந்தி வீட்டுக்கு ‘கம் அண்ட் ஈட்’ என்று எழுதிவிட முடியுமா? இப்படிக் கூசுகிறவர்களுக்கென்றே ஆங்கிலம் ‘பார்ட்டேக்’ என்றொரு வினைச்சொல்லை வைத்திருக்கிறது. பொருள் கிட்டத்தட்ட அதேதான், கௌரவம் மட்டும் கூடுதல். அதைக் கையாளும் முறை வருமாறு.

முதலில் குடும்பத்தை விசாரியுங்கள். பங்கு என்று பொருள்படும் ‘பார்ட்’டும், எடுப்பவர் என்று பொருள்படும் ‘டேக்க’ரும் சேர்ந்து ‘பார்ட்டேக்கர்’ பிறந்தது. நடுவில் இரண்டு ‘டி’ நின்ற இடத்தில் ஒன்று தேய்ந்துபோயிற்று. பிறகு 16-ஆம் நூற்றாண்டில் அதன் வாலை நறுக்கி ‘பார்ட்டேக்’ என்று வினைச்சொல் ஆக்கினார்கள். அதாவது ஆளை முதலில் போட்டுவிட்டு அவருக்கு வேலையைப் பிறகு கண்டுபிடித்திருக்கிறார்கள். நம் ஊர் வாரியங்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்காமல் போகாது.

அந்தப் ‘பார்ட்டேக்க’ரும் சொந்தச் சரக்கல்ல, லத்தீனில் ‘பார்ட்டிசெப்ஸ்’ என்று இருந்ததைப் பார்த்துச் செய்தது. அதே லத்தீன் வேரிலிருந்து நேராக இறங்கியதுதான் நமக்கெல்லாம் பழகிய ‘பார்ட்டிசிபேட்’. ஆக இரண்டு சொற்களும் பங்காளிகள். பங்காளிகள் என்றால் பாகப்பிரிவினை இல்லாமலா? வேலை, போட்டி, விவாதம், ஓட்டப்பந்தயம் எல்லாம் பார்ட்டிசிபேட்டின் பாகத்துக்குப் போயின. கடைசியில் அதற்குக் கிடைப்பது ஒரு சான்றிதழ். சாப்பாட்டு ஐட்டம் முழுவதையும் பார்ட்டேக் எழுதி வாங்கிக்கொண்டது. ‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்று நம்மவர்கள் சொல்லிவைத்ததை நினைவில் கொள்ளுங்கள். பந்தி பார்ட்டேக், படை பார்ட்டிசிபேட். இதற்குமேல் இலக்கணப் புத்தகம் வாங்குவது உங்கள் வசதி.

அடுத்தது ஒட்டுச்சொல். இங்கேதான் பலர் விழுகிறார்கள். ‘பார்ட்டேக் லஞ்ச்’ என்று மொட்டையாக எழுதினால் இக்காலத்தில் எடுபடாது. சாப்பாட்டுக்கு ‘ஆஃப்’ சேர்க்க வேண்டும்: ‘பார்ட்டேக் ஆஃப் லஞ்ச்’. காரியங்களுக்கு ‘இன்’: ‘பார்ட்டேக் இன் தி டிஸ்கஷன்’. இந்த இரண்டு குட்டிச் சொற்களும் உங்கள் தலையெழுத்தையே மாற்றக்கூடியவை. ‘ஆஃப்’ போட்டால் உங்கள் கையில் தட்டைக் கொடுப்பார்கள், ‘இன்’ போட்டால் மைக்கைக் கொடுப்பார்கள். மேனேஜர் அனுப்பிய மெயிலில் ‘பார்ட்டேக் இன்’ என்று கண்டால், அது பார்ட்டிசிபேட்டேதான், மாறுவேடத்தில் வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு அன்றைக்கு லீவு கேளுங்கள்.

இறந்தகாலம் சுலபம். பள்ளிக்கூடத்தில் ‘டேக், டுக், டேக்கன்’ என்று ராகம் போட்டுப் படித்தோமே, அதன் தலையில் ‘பார்’ என்று வைத்தால் போதும்: பார்ட்டேக், பார்ட்டுக், பார்ட்டேக்கன். ‘பார்ட்டேக்டு’ என்று எழுதுகிறவர்களுக்கு இந்த வழிகாட்டி பொறுப்பல்ல.

ஆள் எண்ணிக்கையும் முக்கியம். சொல்லுக்குள்ளேயே பங்கு இருப்பதால், பகிர்ந்து உண்ண இன்னொருவர் அங்கே இருக்க வேண்டும் என்பது பழைய ஆசாரம். ராத்திரி பதினொன்றரைக்கு ஃபிரிட்ஜைத் திறந்து, நின்றபடியே மைசூர்பாகு தின்பது பார்ட்டேக் ஆகாது. அதற்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் உண்டு, அவற்றில் சில இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இருந்தன. அதே மைசூர்பாகை மனைவியும் எழுந்து வந்து பாதி வாங்கிக்கொண்டால் அந்தக் கணமே அது பார்ட்டேக் ஆகிவிடும். சொல் சரியாகிவிட்டதே என்று ஆறுதல் அடையலாம்.

கொஞ்சம் தேர்ந்தவர்களுக்கு இன்னொரு பயன்பாடு இருக்கிறது. ஒன்றில் இன்னொன்றின் சாயல் கலந்திருந்தால் அதையும் ‘பார்ட்டேக் ஆஃப்’ என்றே சொல்லலாம். அடுக்குமாடிக் குடியிருப்புச் செயலாளரின் ‘பணிவான வேண்டுகோள்’ மிரட்டலைப் பார்ட்டேக் செய்கிறது. உடல்நலம் விசாரிக்க வந்த அத்தையின் பாசம் புலன்விசாரணையைப் பார்ட்டேக் செய்கிறது. இந்த ஒரு பயன்பாட்டுக்காகவே இந்தச் சொல்லைக் கற்கலாம் என்பது என் அபிப்பிராயம். சாப்பாடெல்லாம் உபரி.

அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போகிறவர்கள் கவனிக்க: அங்கே விருந்தில் யாராவது கோப்பையை நீட்டி ‘டூ யூ பார்ட்டேக்?’ என்று கேட்டால், அவர் கேட்பது சாம்பார் சாதத்தைப் பற்றி அல்ல. மதுவையோ கஞ்சாவையோ நாசூக்காகச் சுட்டும் வழக்கம் அது. சாப்பாடு என்று நினைத்துக்கொண்டு ‘யெஸ், டெய்லி, த்ரீ டைம்ஸ்’ என்று தலையாட்டிவிடாதீர்கள்.

தேவாலயத்தில் மட்டும் இந்தக் கிண்டலெல்லாம் வேண்டாம். 1611-ல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் ‘பார்ட்டேக்கர்’ பல இடங்களில் வருகிறது, ஆண்டவரின் பந்தியில் பங்குபெறுவோரையும் அப்படியே சொல்கிறது. அந்தப் பந்திக்கு யாரும் முந்துவதில்லை.

இவ்வளவு கற்றபிறகும் யாராவது உங்கள் வாக்கியத்தில் பிழை பிடித்தால், ஷேக்ஸ்பியரை முன்னால் தள்ளுங்கள். ‘தி விண்டர்ஸ் டேல்’ நாடகத்தின் கடைசிக் காட்சியில் பவுலீனா என்ற பாத்திரம், உங்கள் மகிழ்ச்சியை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுங்கள் என்னும் பொருளில் இந்தச் சொல்லை ‘டு’ போட்டுப் பேசுகிறது. எடுப்பது போய்க் கொடுப்பது ஆகிவிட்டது. அவர் செய்யலாம், நாம் செய்தால் மார்க் குறையும். ஆனாலும் பிழை பிடித்தவர் அந்த நாடகத்தைத் தேடிப் படித்துவிட்டு வருவதற்குள் பாயசம் வந்துவிடும்.

ஆகவே, அடுத்த முறை ஆங்கில அழைப்பிதழ் கைக்கு வந்தால் முகூர்த்த நேரத்தைப் பிறகு பாருங்கள். முதலில் ‘பார்ட்டேக்’குக்குப் பக்கத்தில் நிற்பதைப் பாருங்கள். ‘ஆஃப்’ என்றிருந்தால் பசியோடு கிளம்பலாம். ‘இன்’ என்றிருந்தால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.