முரண்பட்ட பிரதி

பெங்களூரின் சில்க் போர்டு நெரிசலில் ஒருவர், நெட் இல்லாமலே எக்செல் கோப்பைத் திருத்துகிறார். ஒயிட்ஃபீல்டில் இன்னொருவரும் அதே கோப்பில் கை வைக்கிறார். சிக்னல் வந்ததும் இரு பிரதிகளும் சர்வரில் முட்டிக்கொள்கின்றன.

டிராப்பாக்ஸ் தீர்ப்பே சொல்லாது. பிந்தி வந்ததற்கு ‘முரண்பட்ட பிரதி’ என்று பெயர் சூட்டி, முந்தியதன் பக்கத்திலேயே உட்கார வைத்துவிடும். மீதிப் பஞ்சாயத்து உங்கள் பாடு. வேறு சில அமைப்புகளில் கடைசியாக எழுதியவருக்கே வெற்றி. கடிகாரம் கொஞ்சம் முந்தி ஓடினால் நியாயமும் அவர் பக்கம். 2007இல் அமேசான் விவரித்த ‘டைனமோ’ தரவுச் சேமிப்பகம் இன்னும் தாராளம்: முரண்படும் இரு ஷாப்பிங் கூடைகளையும் ஒன்றாகக் கொட்டிவிடும். போட்ட பொருள் தொலையாது. நீக்கிய பொருள்தான் சில சமயம் உயிர்த்தெழும்.

அதே 2007இல்தான், 1990இல் அமைந்த காவிரி நடுவர் மன்றமும் ‘இறுதி’த் தீர்ப்பைத் தந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அந்த இறுதியையும் திருத்தி, பெங்களூருக்கென்று 4.75 டிஎம்சி கூடுதலாக ஒதுக்கியது. கடைசியாக எழுதியவர் வென்றார் என்று நினைத்தால், நீங்கள் இந்த ஊருக்குப் புதிது. வறண்ட ஆண்டுகளில் கர்நாடகமும் தமிழ்நாடும் ஆளுக்கொரு பிரதியைத் திறக்கும். நல்ல மழை பெய்தால் மட்டும், யாரும் கேட்காமலே எல்லாம் சிங்க் ஆகிவிடும்.