அப்பா பெயர், ஊர், பழைய நம்பர்

1980-களில் தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் பத்தாலஜி துறையில் டெக்னீஷியனாகச் சேர்ந்தபோது எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது பென்சில் பிடிக்க. பயாப்சிக்கு வரும் சதைத்துண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். அதைச் சின்னக் காகிதத்தில் பென்சிலால்தான் எழுதவேண்டும். பேனா மை ஆல்கஹாலிலும் சைலீனிலும் கரைந்துவிடும். பென்சில் கரி அழியாது. ஃபார்மலினில் ஊறிய சதையோடு அந்தக் காகிதமும் ஜாடி ஜாடியாக இறங்கி ஏறி, கடைசியில் சதையைப் புதைத்த மெழுகு பிளாக்கின் ஓரத்தில் பதிந்து நிற்கும். கண்ணாடி ஸ்லைடில் அதே நம்பரை வைரமுனைப் பென்சிலால் கீறுவோம். நம்பர் மாறினால் ஆளே மாறிப்போவார். நோயில்லாதவருக்கு அறுவை நடக்கும். நோயுள்ளவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்.

அந்த நம்பரையெல்லாம் ஏற்றுகிற பெரிய ரிஜிஸ்டர் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட ரைட்டர் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர். படிவத்தில் டாக்டர் எழுதியனுப்பியது பாதிநேரம் வெறும் ‘பயாப்சி’ என்ற ஒற்றைச் சொல்தான். ஆகவே சதையைக் கொண்டுவந்தவரிடமே அவர் விசாரிப்பார். “எந்த ஊரு ஆச்சி? வீட்டுக்காரர் பேரு என்ன? முன்னால எப்பவாது சதை எடுத்து டெஸ்ட் பண்ணினாங்களா?” பதிலைக் கடைசிப் பத்தியில் பொடியெழுத்தில் எழுதிவைப்பார். பழைய நம்பர் கிடைத்தால் சிவப்பு மையில். மைக்ராஸ்கோப்பில் கண் வைக்குமுன் எங்கள் பேராசிரியர் அந்தச் சிவப்பு மை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

அந்தக் காலத்தை நான் உயர்த்திப் பிடிக்கவில்லை. ரிப்போர்ட் வர வாரக்கணக்கில் ஆகும். டைப்பிஸ்ட் கார்பன் வைத்து அடிக்கும் தாளில் ஒரு ‘இல்லை’ விட்டுப்போனால் ஒரு குடும்பமே இடிந்து உட்கார்ந்துவிடும். முதல் பஸ் பிடித்து வந்தவர்களை “அடுத்த வாரம் வாங்க” என்று திருப்பியனுப்பியிருக்கிறோம். அவர்களில் கூலியை விட்டுவிட்டு வந்தவர்களே அதிகம்.

இப்போது நான் யோசனை சொல்லப் போய்வரும் தனியார் லேபில் எல்லாமே பார்கோடு. பிளாக் வைக்கும் பிளாஸ்டிக் கேசட்டில் எந்திரமே நம்பரை அச்சிடுகிறது. டாக்டர் கையெழுத்திட்ட மறுநிமிடம் ரிப்போர்ட் நோயாளியின் போனுக்குப் போய்விடுகிறது. பஸ் செலவு மிச்சம், அலைச்சல் மிச்சம். நகலெடுக்கையில் நம்பர் பிசகுவதும் அநேகமாக ஒழிந்துவிட்டது. இதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் பார்கோடு காப்பாற்றுவது நம்பரை மட்டும்தான். வார்டில் ஒருவர் பாட்டிலில் இன்னொருவர் லேபிளை ஒட்டிவிட்டால், அந்தத் தவறும் கடைசிவரை ஒரு கோடு பிசகாமல் பயணம் செய்யும்.

அடுத்தது பெயர். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறது மென்பொருள். நம் ஊரில் குடும்பப்பெயருக்கு எங்கே போவது? எஸ்.மாரியம்மாள் ஒருமுறை ‘மாரியம்மாள் எஸ்’ ஆகிறார். மறுமுறை கணவர் பெயரோடு ‘மாரியம்மாள் சுடலை’. ஆதாரைப் பார்த்துப் பதிந்தால் எழுத்துக்கூட்டல் வேறு. வயது கேட்டால் “அம்பது இருக்கும்” என்பார். அடுத்த வருஷமும் அதே ஐம்பதுதான். ஆக, ஒரே மனுஷி கணினிக்குள் மூன்று பேர். ஒருவருடைய பழைய ரிப்போர்ட் இன்னொருவர் கணக்கில் தெரியாது. 1982-இல் சென்னையில் மக்கள்தொகை அடிப்படையிலான புற்றுநோய்ப் பதிவகம் தொடங்கியதிலிருந்து அதன் பணியாளர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ப் பதிவேடுகளைப் புரட்டி, ஒரே ஆள் இரண்டுமுறை எண்ணப்படாமலிருக்கப் பெயர், வயது, முகவரியை ஒத்துப்பார்க்கிறார்கள். அந்த உழைப்பின் அருமை லேப் கவுன்டரில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

தேடுவதிலும் இதே கதை. கன்னப் புற்று எத்தனை என்று எண்ண அன்று ரிஜிஸ்டரைப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். இன்று சொல்லைத் தட்டினால் நொடியில் பட்டியல் வருகிறது. ஆனால் முழுசாக வருவதில்லை. அதையே ஒரு டாக்டர் ‘ஸ்குவாமஸ் செல் கார்சினோமா’ என்று முழுசாக எழுதுகிறார், இன்னொருவர் மூன்றே எழுத்தில் சுருக்குகிறார். இதற்கு 1976-லேயே வழி வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-ஓ குறியீட்டில் இந்தப் புற்றுக்கு 8070/3. சாய்கோட்டுக்குப் பின்னால் 3 இருந்தால் ஊடுருவிய புற்று. 2 என்றால் இன்னும் ஊடுருவாதது. 0 சாதுவான கட்டி. ரிப்போர்ட் எழுதும்போதே இந்த ஐந்து இலக்கத்தைப் போட அரை நிமிடம் ஆகாது. போடுகிறவர்கள் மிகக் குறைவு.

என்னை உலுக்கியது ஒரு முற்றுப்புள்ளி. ‘நோய் விவரம்’ என்ற கட்டத்தை நிரப்பாமல் மென்பொருள் நகராது. அதனால் அவசரத்தில் எல்லோரும் அங்கே ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகிறார்கள். மென்பொருளின் கணக்கில் கட்டம் நிரம்பிவிட்டது.

அப்படிப் புள்ளியோடு வந்தது ஒரு அம்மாவின் நுரையீரல் சதை. சுரப்பித்திசுப் புற்று என்பது தெளிவு. ஆனால் அது நுரையீரலிலேயே முளைத்ததா, வேறெங்கிருந்தோ பரவியதா? வெறும் வடிவத்தை வைத்து எப்போதும் சொல்லிவிட முடியாது. மருந்தோ அடியோடு வேறு. கவுன்டரிலிருந்த பெண்ணை அவர் மகனுக்குப் போன் போடச் சொன்னேன். “அம்மாக்கு முன்னாடி ஏதாவது ஆப்ரேஷன் நடந்திருக்கா அண்ணா?” நடந்திருந்தது: பல வருஷத்துக்கு முன்னால் மார்பில், அரசு ஆஸ்பத்திரியில். கல்யாணத்துக்குப் பிறகும் அங்கே தகப்பனார் இனிஷியலில்தான் பதிந்திருந்தார். கணினி வருமுன் நடந்தது என்பதால் எந்தத் திரையிலும் அது இல்லை. மகன் போய்க் கேட்க, ரிக்கார்டு அறையில் ரிஜிஸ்டரைப் புரட்டி, ஊர்ப் பெயரை வைத்து நம்பரைக் கண்டுபிடித்து, பிளாக்கை எடுத்துக் கொடுத்தார்கள். புதுச் சதையையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஹார்மோன் ஏற்பிகளுக்கான சாயமும் ஏற்றிப் பார்த்ததில், மார்பில் இருந்ததுதான் நுரையீரலுக்கு வந்திருந்தது. ஹார்மோனைக் கட்டுப்படுத்தும் மாத்திரையில் அவருக்குச் சிகிச்சை தொடங்கியது.

அதன்பிறகு மென்பொருள் கம்பெனிக்காரர்களை உட்காரவைத்துப் பேசினேன். நோய் விவரக் கட்டம் வெறும் புள்ளியை இனி ஏற்காது. தகப்பனார் பெயர், கணவர் பெயர், சொந்த ஊர் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வந்துவிட்டது. ‘முன்பு சதைப் பரிசோதனை செய்ததுண்டா, எங்கே, என்ன நம்பர்’ என்ற கேள்வியைப் பதிவுத்திரையின் முதல் வரியில் கேட்டிருந்தேன். கடைசி வரியில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தேசிய சுகாதாரக் கணக்கான 14 இலக்க ஆபா நம்பர் எல்லோருக்கும் வந்துவிட்டால் எல்லாம் தானாகச் சேர்ந்துவிடும் என்கிறார்கள். வரட்டும். அந்த நம்பர் பிறப்பதற்கு முன் எடுத்த பிளாக்குகள் இன்னும் அலமாரிகளில் இருக்கின்றன, அந்தச் சதைக்குரியவர்களில் எத்தனையோ பேர் உயிரோடு இருக்கிறார்கள். அதனால் அந்தக் கேள்வியை முதல் வரிக்கு ஏற்றச் சொல்லி இந்த வாரமும் எழுதியிருக்கிறேன்.