சரக்கறை வேந்தர் மெய்க்கீர்த்தி

ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு எந்த மனத்தோடு அதைப் புகழ்ந்தாரோ, அதே தூய மனத்தோடுதான் அடியேனும் இந்த மெய்க்கீர்த்தியைப் பாடப் புகுகிறேன். பாட்டுடைத் தலைவர், விமானத்தின் வயிற்றுக்குள் வீற்றிருந்து, நாம் செக்-இன் செய்யும் பெட்டிகளைத் திறையாக ஏற்றருளும் சரக்கறை வேந்தர். முடியுடை மூவேந்தருக்கும் வாய்க்காத பெருமை ஒன்று இவருக்கு உண்டு. அவர்கள் திறை வாங்கினால் வாங்கியதுதான். இவரோ திருப்பிக் கொடுப்பார். ஒன்றாகக் கொடுத்ததைப் பலவாகத் திருப்பிக் கொடுப்பார்.

மானாமதுரைக் கடத்தையே எடுத்துக்கொள்வோம். மண்ணைப் பக்குவமாகப் பிசைந்து, உலோகத் தூள் கலந்து, சுவரின் கனம் எங்கும் ஒன்றாக வரும்வரை தட்டித் தட்டி, சூளையில் சுட்டு எடுக்கிறார்கள். வித்வான் அதை மடியில் வைத்துக்கொண்டு பத்து விரலாலும் மணிக்கட்டாலும் மணிக்கணக்கில் அடிக்கிறார். தனி ஆவர்த்தனத்தின் உச்சத்தில் மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கிறவர்களும் உண்டு. அப்படியும் அது உடைவதில்லை. எத்தனையோ மார்கழிகளாக எத்தனையோ விரல்கள் முயன்றும் கைகூடாத அந்தக் காரியத்தை, கன்வேயர் பெல்ட் முடிகிற இடத்துச் சரிவுப் பலகையில் ஒரே நொடியில் முடித்துக் கொடுக்கும் கைத்திறத்தை என்னென்பது! எந்த சபாவும் இன்னும் அதற்கு ஒரு விருது தரவில்லை என்பது நம் காலத்தின் நன்றிகெட்ட தன்மை.

வேந்தரின் அரண்மனை வாசலில் ஒரு சடங்கு நடக்கும். பெட்டிக்குள் உடையும் பொருள் இருக்கிறது என்று பயணி பணிந்து விண்ணப்பித்தால், கவுண்டரில் இருக்கும் அம்மணி முகம் மலர்ந்து, மதுக்கோப்பைப் படம் போட்ட ஒரு ஸ்டிக்கரை எடுத்து ஒட்டுவார். ஒட்டுவதற்கு முன் ஒரு கையெழுத்து. ‘உடைந்தால் நிறுவனம் பொறுப்பல்ல’ என்பது அதன் சாரம். இன்னும் உடையாத பொருளைப் பற்றி, உடையப்போவதை முன்கூட்டியே உணர்ந்து, அதற்கான மன்னிப்பையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும் இந்தத் தீர்க்கதரிசனம் முனிவர்களுக்கே வாய்த்ததில்லை. அவர்கள் சாபம் கொடுத்த பிறகுதான் விமோசனம் சொன்னார்கள்.

அந்த ஸ்டிக்கருக்கு உள்ளே என்ன மரியாதை என்று கேட்கலாம். பெட்டிகளைப் பிரிக்கும் இயந்திரம் படிப்பது கைப்பிடியில் தொங்கும் சீட்டின் பத்து இலக்க எண்ணை மட்டுமே. கோப்பைப் படம் அதன் கண்ணில் படாது. மனுநீதிச் சோழனாவது பசுவின் மணியோசை கேட்டுத் திரும்பிப் பார்த்தான். இவர் ஆட்சியில் அந்தப் பாரபட்சமும் கிடையாது. இரும்பு டம்பெல்லுக்கும் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கும் ஒரே தள்ளு, ஒரே சறுக்கு, ஒரே நீதி.

பிறகு பவனி. பெட்டிகள் டிராலியேறி, சென்னையின் மே மாதத்து வெயிலில், தகிக்கும் தளத்தில் விமானத்தின் வருகைக்காகத் தவமிருக்கும். தஞ்சாவூர் வீணைக்கு இருபத்து நான்கு மெட்டுகள். அவற்றை மெழுகில் பதித்து, சுரத்துக்குச் சுரம் காது வைத்துச் சரிசெய்து நிறுத்துகிறார்கள். மெழுகு இளகினால் மெட்டு நகரும். காயகப்பிரியாவும் மேசகல்யாணியும் ஒன்றோடொன்று கலந்து, வேங்கடமகி வகுத்த எழுபத்திரண்டுக்குள் அடங்காத புதிய மேளம் ஒன்று பிறக்கும். சங்கீத உலகத்துக்கு வேந்தர் செய்யும் இந்தத் தொண்டுக்குத் தனிக்கட்டணம் கிடையாது.

பெட்டியேற்றும் தொழிலாளர்களைச் சிலர் திட்டுகிறார்கள். பெரும் பாவம். குறுகிய விமானங்களின் சரக்கறையில் ஓர் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. மண்டியிட்டபடி, குனிந்தபடி, அடுத்த விமானத்தின் கடிகாரம் கழுத்தை அழுத்த, அவர்கள் பெட்டிகளை அடுக்குகிறார்கள். அவர்களுக்குப் பணிவைக் கற்றுத்தருவதற்காகவே கூரையைத் தாழ்த்தியும், ஆட்களைக் குறைத்தும், நேரத்தைச் சுருக்கியும் வைத்திருக்கும் நிர்வாகத்தின் கருணையை அல்லவா நாம் பாட வேண்டும்? பாட்டு போய்ச்சேர வேண்டியது குளிரூட்டிய அறைக்கு.

இத்தகைய வேந்தரையும் சந்தேகிக்கும் துரோகிகள் நம் நடுவே வாழ்கிறார்கள். நவராத்திரிக்கு முன்னால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பாருங்கள். நியூ ஜெர்சி மகளுக்குக் கொண்டுபோகவென்று தசாவதாரம் செட் வாங்கும் மாமிகள் செய்யும் சதிகளுக்கு அளவே இல்லை. ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியாகக் குமிழ்த்தாள் சுற்றுகிறார்கள். உள்ளே பொள்ளலாக இருந்தால் அந்தப் பொள்ளலில் காலுறையைத் திணிக்கிறார்கள். ராமரின் வில், பரசுராமரின் கோடரி, வாமனரின் குடை என்று நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்துக்கெல்லாம் அட்டைக் கவசம். அட்டைப்பெட்டிக்குள் ஓர் அட்டைப்பெட்டி, நடுவில் நெருக்கமாகப் பழைய துண்டு. அதைக் கெட்டியான சூட்கேஸின் நட்ட நடுவில், எந்தச் சுவரிலும் படாமல், சுற்றிலும் புடவைகளை அடைத்து, குலுக்கினால் ஒரு சத்தமும் வராதபடி மூடுகிறார்கள். ஊறுகாய் பாட்டிலை வேறு பெட்டிக்கு நாடு கடத்துகிறார்கள். வேந்தரின் கைவண்ணம் பொருளைத் தீண்டவே கூடாது என்ற இந்தத் தீண்டாமை எண்ணத்தை எப்படி மன்னிப்பது!

நல்லவேளை, அமெரிக்காவில் நீதி சாகவில்லை. அங்கே பாதுகாப்புச் சோதனை அதிகாரிகள் பெட்டியைத் திறந்து, மாமியின் மூன்று நாள் உழைப்பைச் சில நிமிடத்தில் அவிழ்த்து, மாமி வைத்த இடம் தவிர வேறெங்கும் வைக்கலாம் என்ற சுதந்திர உணர்வோடு திரும்ப அடுக்கி, சோதனையிட்டோம் என்று அச்சடித்த சீட்டு ஒன்றையும் உள்ளே வைக்கிறார்கள். பூட்டை உடைக்க நேர்ந்திருந்தால் வருந்துகிறோம், ஆனால் பொறுப்பேற்க மாட்டோம் என்று அந்தச் சீட்டே பண்போடு சொல்லும். வீட்டுக்கு வந்து திறந்தால் பரசுராமர் கோடரியைத் துறந்து சாந்த சொரூபியாகக் காட்சி தருவார். புராணங்கள் சாதிக்காத மனமாற்றம்.

இன்னும் சிலர் வீணைக்கும் செல்லோவுக்கும் தனி டிக்கெட் எடுத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார வைக்கும் அளவுக்குத் துணிந்துவிட்டார்கள். அமெரிக்கச் செல்லோ மேதை லின் ஹாரல் அப்படித்தான் செய்தார். முழுக் கட்டணம் கட்டிய செல்லோவின் பெயரிலும் மைல் புள்ளிக் கணக்கு ஒன்று வைத்திருந்தார். 2012-ல் டெல்டா நிறுவனம் அந்தச் செல்லோவையும் அதன் எஜமானரையும் சேர்த்தே திட்டத்திலிருந்து நீக்கி அறம் காத்தது. காசு வாங்கும்போது மனிதனாகவும் சலுகை தரும்போது மரமாகவும் ஒரே பொருளைப் பார்க்கும் கண் ஞானக்கண்.

கலைஞர்களை விமான நிறுவனங்கள் ஆதரிப்பதே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சங்க காலத்துப் புரவலர்கள், யாழோடு வந்த பாணன் பாடி முடிக்கும்வரை காத்திருந்து பிறகுதான் பொற்றாமரை சூட்டினார்கள். யுனைட்டெட் நிறுவனம் அவ்வளவு தாமதிக்கவில்லை. 2008-ல் கனடியப் பாடகர் டேவ் கரோல் சிகாகோ வழியாகப் பறந்தபோது அவருடைய கிதாரை உடைத்துத் தந்தது. சீர்செய்ய 1,200 டாலர் ஆயிற்று. 24 மணி நேரத்துக்குள் மனு கொடுக்கவில்லை என்று கூறி, அவருடைய கற்பனை ஊற்றெடுக்கும்வரை மாதக்கணக்கில் அலைய விட்டது. 2009-ல் அவர் அதையே பாட்டாக்கினார். லட்சக்கணக்கானோர் கேட்டார்கள், ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் அது பாடமாயிற்று. எந்தப் புரவலனால் இவ்வளவு புகழை ஒரு பாணனுக்கு வாங்கித்தர முடிந்தது?

வள்ளன்மைக்குச் சட்டமே சாட்சி. 1999-ல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி சர்வதேசப் பயணத்தில் பெட்டி சேதத்துக்கு ஒரு பயணிக்கு 1,519 சிறப்பு எடுப்பு உரிமைவரை இழப்பீடு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் இந்த உச்சவரம்பு. எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் செல்லாத இந்த நாணயம் சர்வதேச நாணய நிதியத்தின் ஏடுகளில் வாழ்கிறது. டாலரில் சொன்னால் சுமார் இரண்டாயிரம். நம் உள்நாட்டுப் பயணம் என்றால் 20,000 ரூபாய்வரை. ‘வரை’ என்பதை நான் இரண்டு முறை சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். வேந்தரின் அலுவலர்கள் அதை இன்னும் நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். பொருளின் உள்ளார்ந்த தன்மையாலோ குறையாலோ சேதம் வந்திருந்தால் அந்த அளவுக்குப் பொறுப்பில்லை என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. மண்பானை மண்பானையாகப் பிறந்தது யார் குற்றம்? பெட்டியை ஒப்படைக்கும்போதே அதிக மதிப்பை அறிவித்து, கூடுதல் தொகை கட்டி, இந்த வரம்பை உயர்த்திக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். தற்பெருமை பேசும் வழக்கம் இல்லாத அடக்கத்தால் கவுண்டரில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே கொடுத்தால் உத்தமம். அதற்கான மேஜை, பெல்ட்டின் கடைக்கோடியில், தூணுக்குப் பின்னால், நாற்காலி சகிதம் இருக்கும். ஆளும் சில வேளை இருப்பார். பொம்மைக்கு பில் உண்டா என்று கேட்பார். பாட்டி கொடுத்தது என்று சொன்னால், பழைய பொருள்தானே என்று தேய்மானம் கழித்து, நினைவுகளுக்கும் ஆயுள் உண்டு என்ற வேதாந்தத்தை இலவசமாக போதிப்பார்.

ஆகவே வாசகர்களே, ஒரு விண்ணப்பம். அடுத்த முறை கடத்தைக் கொண்டுபோகும்போது துணி சுற்றி வேந்தரைப் புண்படுத்தாதீர்கள். மானாமதுரையிலேயே உடைத்து, ஒரு பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். இடம் மிச்சம், கையெழுத்து வேண்டாம், ஸ்டிக்கரும் வேண்டாம். அந்த ஏழு நாளும் உங்களுக்கே.