கத்தரிக்கோல் எடுத்த மைனி

உதவி செய்கிறேன் என்று யாராவது வாயெடுத்தாலே இப்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மைனி வீட்டுக்கு வந்தார்கள். காப்பி போட அடுப்படிக்குப் போனேன். திரும்பி வருவதற்குள், மிஷினுக்குப் பின்னால் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்த என் துண்டுகளை ஒன்று விடாமல் நறுக்கி, மேசைமேல் குவித்துவிட்டார்கள். “என்னட்டி இப்படித் தொங்க விட்டிருக்க, பாக்கவே சகிக்கல. வெட்டிச் சுத்தம் பண்ணிட்டேன்” என்று சிரிப்பு வேறு.

ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறவர்கள் இந்நேரம் நெஞ்சில் கை வைத்திருப்பீர்கள். மற்றவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். உங்களுக்கு விளக்குகிற பொறுமை எனக்கு இப்போது இல்லை.

நூலை அறுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிய வரிசை அது. எது எதன் பக்கத்தில் வரவேண்டும் என்பதற்கு அந்தச் சங்கிலி ஒன்றுதான் சாட்சி. முத்துக்குளித்த காலத்தில் இந்தத் தூத்துக்குடிக் கரையில் 20 கண்ணிலிருந்து 1000 கண் வரை பித்தளைச் சல்லடைகள் வைத்து முத்தைப் பெரிது சிறிதாகப் பிரித்தார்கள். கறுப்பில் பழுப்புப் புள்ளி போட்ட துண்டையும் பழுப்பில் கறுப்புப் புள்ளி போட்ட துண்டையும் பிரிக்க எவன் சல்லடை செய்து வைத்திருக்கிறான்?

இந்த வெயிலூரில் போர்வை எதற்கு என்பது மைனியின் அடுத்த கேள்வி. போர்த்துவதற்கு இல்லை, விரிப்பதற்கு. ஒட்டுப் போட்டது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று: கொழும்புக்கு ஓடிய தூத்துக்குடித் தோணிகளின் பாய்கூடப் பட்டை பட்டையாகச் சேர்த்துத் தைத்ததுதான்.

முக்கோணத் துண்டின் கூர்முனையை மிஷின் விழுங்காமல் தைக்க எனக்கு ஒரு வழி தெரியும். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் நூல் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஒரு துண்டைத் தைத்து, இழுத்து, வெட்டி, பிறகு அடுத்ததை வைக்கிற கட்சி ஒன்று இருக்கிறது. வெட்டுகிற ஒவ்வொரு தடவையும் மேல்நூல் 10 செ.மீ., பாபின் நூல் 10 செ.மீ. வீண். போர்வைக்கு 400 தையல் என்றால் 80 மீட்டர். பத்துப் போர்வைக்கு 800 மீட்டர். என் வீட்டு வாசலிலிருந்து பனிமய மாதா கோயில் வரை நூலைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம். நேர்மையாகப் பார்த்தால், சங்கிலியிலும் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு செ.மீ. ஓடுகிறது. இரண்டு நூலுக்குமாகப் போர்வைக்கு 8 மீட்டரைக் கழிக்க வேண்டும். மிச்சம் 72. சரி, கோயில் வரை போகாது, அதற்கு முந்தின தெருமுனை வரை போகும். அதுவும் எந்த ஊரில்? 1908 பிப்ரவரியில் கோரல் நூல் மில் தொழிலாளிகள் வேலையை நிறுத்திய ஊரில்! வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசித் திரட்டிய அந்த வேலைநிறுத்தத்துக்கு ஒன்பது நாளில் நிர்வாகம் பணிந்து கூலியைக் கூட்டியது. அப்படிப்பட்ட ஊரில் நூலை நாலு விரற்கடை நாலு விரற்கடையாகக் குப்பையில் போடுவதா? (கோரல் மில் நூலுக்கும் என் மிஷின் நூலுக்கும் சம்பந்தமில்லை என்பது எனக்கும் தெரியும். கோபத்தில் இருக்கிறேன், குறுக்கே பேசாதீர்கள்.) “ஒரு நூற்கண்டு என்ன விலை?” என்று வீட்டுக்காரர் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்ததால் பதில் சொல்லவில்லை. மிச்சம் பிடித்த நூலின் காசு, இந்தக் கணக்கைப் போடும்போது நான் குடித்த காப்பிக்குக் காணாது.

காசை விடுங்கள். நூலை வெட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பித்தால், நூல் நுனி ஊசி இறங்குகிற துளைக்குள் போய்ச் சுருண்டு அடியில் சிக்காகிவிடுகிறது. இதற்குத்தான் நம் டெய்லர்கள் ஒரு கந்தல் துண்டைத் தைத்து, அதை ஊசிக்கடியில் விட்டுவிட்டே எழுந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் போனி ஹன்டர் என்ற அம்மாள் இதை இன்னும் ஒரு படி இழுத்தார். கந்தல் வைக்கிற இடத்தில் இன்னொரு போர்வைக்கான துண்டுகளை ஓட்டினால், ஒன்று முடிவதற்குள் அடுத்ததும் பாதி வளர்ந்திருக்கும் என்கிறார். கெட்டிக்காரி. இங்கே ஒன்றையே முடிக்க வழியில்லை.

உத்தர கன்னட மாவட்டத்தின் சித்தி இனப் பெண்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. பழந்துணியை வைத்துக் கையூசியாலேயே, ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைக்கிறார்கள். மூலைகளில் மடித்த துணியால் பூ வைத்து முடிக்கிறார்கள். பூ வைக்காத போர்வை அவர்கள் கண்ணுக்கு அம்மணம். மிஷின் இல்லை, பாபின் இல்லை, தொங்குகிற சங்கிலியும் இல்லை. மைனிமார் அங்கேயும் இருப்பார்கள், ஆனால் வெட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காது.

வெட்டி வெட்டித் தைப்பவர்கள் ஒவ்வொரு தையலையும் அப்போதே இஸ்திரி போட்டுப் படிய வைக்கலாம் என்கிறார்கள். போடுங்கள். மே மாதத் தூத்துக்குடியில் நாற்பது தடவை எழுந்து போய் இஸ்திரிப் பெட்டியைத் தொடுகிறவர்களோடு எனக்கு வாக்குவாதம் இல்லை, அனுதாபம்தான்.

முக்கோண முனைக்கு இனி இடமில்லை. இன்னொரு சமயம் பார்ப்போம். ஒரு வேண்டுகோள் மட்டும்: நான் போர்வை தைப்பது தெரிந்து, பனியன் கம்பெனி வெட்டுத்துணியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து தருகிறீர்கள். வேண்டாம். பனியன் துணி தைக்கத் தைக்க இழுபடும், வெட்டின ஓரம் சுருண்டுகொள்ளும், சங்கிலியில் நேராக ஓடாது. பழைய பருத்திச் சேலை, கைலி, உள்பாவாடை இருந்தால் கொடுங்கள். துவைத்துக் கொடுங்கள்.