கட்டணமில்லா எண்

1937-இல் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்தார். ஆள் கப்பலேறினால் வங்கியும் பின்னாலேயே ஏறிய காலம் அது.

இன்று அறந்தாங்கியிலோ பொன்னமராவதியிலோ கணக்கு வைத்துவிட்டுச் சிங்கப்பூர் போனவருக்கு, எந்த வங்கியானாலும், 1800-இல் தொடங்கும் கட்டணமில்லா எண் ஒன்று உண்டு. கட்டணம் நிஜமாகவே இல்லை. வெளிநாட்டிலிருந்து அடித்தால் பெரும்பாலும் லைனே கிடைக்காதே! வெளிநாட்டில் இருப்பவருக்கென்று உள்ள எண்ணைத் தேடிப் பிடித்தால், காசு கொடுத்துப் பாட்டுக் கேட்கலாம். கிளைக்கே பேசலாமென்றால், அங்கே பத்து மணிக்குத் திறக்கும்போது சிங்கப்பூரில் பன்னிரண்டரை. சாப்பாட்டை விட்டுவிட்டு அடித்தால், அதிசயமாய் எடுப்பவர் அன்பாகச் சொல்வார்: “ஒரு எட்டு நேர்ல வந்துட்டுப் போயிருங்க சார்.”

சரி, ஆன்லைனிலேயே முடிப்போம் என்றால் ஓடிபி வரும். வரும் சிம் ஊரில், அம்மாவின் போனில்.

“அம்மா, அந்த ஆறு நம்பரைச் சொல்லுங்க.”

“யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு போட்டுருக்கேப்பா.”

“நான்தாம்மா பேசுறேன்!”

“போன வாரம் பேங்க்லேர்ந்து பேசுறேன்னவனும் இப்படித்தான் அவசரப்பட்டான். ஆனா ஒண்ணு, அவன் நாம கூப்பிடாமலே கூப்பிட்டான்.”