காரசாரம்: வாசகர் கேள்வி-பதில்

கே: ஹூனான் சாப்பாடும் சிச்சுவான் சாப்பாடும் ஒன்றுதானே? (வாசகர், ஈரோடு)

ப: இல்லவே இல்லை. சிச்சுவான்காரர்கள் நாக்கை மரத்துப்போகச் செய்யும் ஒருவகை மிளகைச் சேர்ப்பார்கள். மயக்க மருந்து கொடுத்துவிட்டு அறுவை சிகிச்சை செய்வது அவர்கள் பாணி. ஹூனானில் மயக்க மருந்து கிடையாது. பச்சை மிளகாய், உப்பில் ஊறிய மிளகாய், காய்ந்த மிளகாய், கூடவே புளிப்பும் புகை மணமும் தனித்தனியாகத் தெரியும். என் ஓட்டு ஹூனானுக்கே.

கே: மெனுவில் மூன்று மிளகாய்ப் படம் போட்டிருந்தால் என்ன பொருள்? (வாசகர், கரூர்)

ப: அதற்கு மேல் அச்சடிக்க இடமில்லை என்று பொருள்.

கே: லாஸ் ஏஞ்சல்ஸில் மகள் வீட்டுக்குப் போகிறோம். நல்ல ஹூனான் ஓட்டல் எங்கே இருக்கும்? (வாசகி, திருச்சி)

ப: நகருக்குள் தேடாதீர்கள். கிழக்கே சான் கேப்ரியல் பள்ளத்தாக்குப் பக்கம் வண்டியை விடச் சொல்லுங்கள். மான்டரே பார்க், அல்ஹாம்ப்ரா, ரோஸ்மீட் என்று வரிசையாகப் புறநகர்கள். 1970களில் தைவானிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வந்தவர்கள் மான்டரே பார்க்கில் வீடு வாங்க ஆரம்பித்தார்கள். 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே ஆசியர்களே பெரும்பான்மை. பிறகு சீனாவின் உள்மாகாணங்களிலிருந்து வந்தவர்கள் அவரவர் ஊர்ச் சமையலையும் கொண்டுவந்தார்கள். சாப்பிட வருபவர்களும் அதே ஊர்க்காரர்கள் என்பதால் யாருக்காகவும் காரத்தைக் குறைக்க வேண்டியதில்லை. இந்தப் பக்கத்துக் கடைகளையெல்லாம் தேடித் தேடிச் சாப்பிட்டு எழுதிய ஜொனாதன் கோல்டுக்கு 2007இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஓட்டல் விமர்சகர் ஒருவர் அதை வாங்கியது அதுவே முதல்முறை.

அலங்காரத்தைப் பார்க்காதீர்கள், பக்கத்து மேஜையைப் பாருங்கள். எல்லா மேஜையிலும் மீன் தலை இருந்தால் தயங்காமல் உட்காருங்கள்.

கே: காரம் தாங்காவிட்டால் தண்ணீர் குடிக்கலாமா? (வாசகர், சேலம்)

ப: வீண். காரத்தைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் கரையாது. சோறு சாப்பிடுங்கள். ஹூனான் சமையலே சோற்றுக்காகப் பிறந்தது. சோறு வாங்காமல் குழம்பை மட்டும் கரண்டியால் குடித்துவிட்டுக் காரம் என்று அலறுகிறவர்களிடம் எனக்கு அனுதாபம் இல்லை.

கே: கட்டாயம் சாப்பிட வேண்டியது எது? (வாசகர், தூத்துக்குடி)

ப: தூத்துக்குடியிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் பரம சந்தோஷம். மீன் தலைதான்! பெரிய கெண்டையின் தலையை இரண்டாகப் பிளந்து, ஆனால் பிரித்துவிடாமல், புத்தகம் போல விரித்துத் தட்டில் வைப்பார்கள். அதன்மேல் நறுக்கி உப்பிட்டு ஜாடியில் புளிக்கவைத்த சிவப்பு மிளகாயை, மீனே தெரியாதபடி அள்ளிப் பரப்பி ஆவியில் வேகவைப்பார்கள். மேஜைக்கு வரும்போது தட்டு முழுக்க ஒரே சிவப்பு. பயப்படாதீர்கள். ஊறிய மிளகாயில் காரத்தோடு புளிப்பும் உப்பும் இருக்கும். கன்னத்துச் சதையை முதலில் எடுங்கள், மூத்தவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கண்ணைச் சுற்றியுள்ள கொழகொழப்பை விடாதீர்கள். கடைசியில் அடியில் தேங்கிய சாற்றில் நூடுல்ஸைப் போட்டுப் புரட்டுங்கள். அதற்கு முன் எழுந்து கை கழுவுவது பெரிய குற்றம்.

கே: காதலியை அழைத்துப் போகலாமா? (வாசகர், கோவை)

ப: தாராளமாக. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழியும்போதும் அழகாகத் தெரிந்தால் தேதி குறித்துவிடுங்கள்.

கே: அமெரிக்காவில் எல்லாச் சீன ஓட்டலிலும் கிடைக்கும் ‘ஜெனரல் ஸோ சிக்கன்’ ஹூனான் உணவுதானா? (வாசகர், வேலூர்)

ப: ஸோ ஸோங்டாங் என்ற தளபதி நிஜமாகவே ஹூனான்காரர். 1885இல் காலமானார். இந்தக் கோழியை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இதை உருவாக்கியவர் ஹூனானில் பிறந்து 1949இல் தைவானுக்குப் போன சமையல்காரர் பெங் சாங்-குவே. அவர் செய்தது காரமும் புளிப்புமான பதார்த்தம். 1970களில் நியூயார்க் போனதும் கோழிக்குள் சர்க்கரை புகுந்தது. 1990இல் அவர் ஹூனானின் தலைநகர் சாங்ஷாவில் ஓட்டல் திறந்து அதே கோழியைப் பரிமாறினார். தித்திக்கிறது என்று ஊர்க்காரர்கள் ஒதுக்கினார்கள், ஓட்டல் நிலைக்கவில்லை. சாங்ஷா மக்களுக்கு என் வணக்கம். இனிப்பு வேண்டுமானால் ஜாங்கிரி இருக்கிறது, கோழியை விட்டுவிடுங்கள்.

கே: மிளகாய் சீனாவில் பிறந்ததா? (மாணவி, தஞ்சாவூர்)

ப: நம்மூர் மிளகாயைப் போலவே அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது. 1591ஆம் ஆண்டுச் சீன நூலொன்றில் அழகுச் செடியாகக் குறிப்பிடப்படுகிறது. ஹூனான்காரர்கள் கைக்கு வந்த பிறகுதான் அதற்கு விமோசனம்.

கே: நாங்கள் சைவம். எங்களுக்கு ஏதாவது உண்டா? (வாசகி, கும்பகோணம்)

ப: உண்டு, கேட்டு வாங்க வேண்டும். முட்டைக்கோஸ் வதக்கலில்கூடப் பன்றிக் கொழுப்போ இறைச்சித் துணுக்கோ இருக்கும். வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு, சுட்ட பச்சை மிளகாயும் கத்தரிக்காயும் பூண்டும் போட்டு உரலோடு கொண்டுவந்து வைத்து இடிக்கும் பதார்த்தத்தைக் கேளுங்கள். அது மட்டும் போதும், இரண்டு கிண்ணம் சோறு இறங்கும்.

கே: ஹூனான் ஓட்டல்களில் மாவோ படம் ஏன்? (வாசகர், மதுரை)

ப: மாவோ 1893இல் ஹூனானின் ஷாவோஷானில் பிறந்தவர். அவர் பேரில் ஒரு பன்றிக் குழம்பே இருக்கிறது. மிளகாய் தின்பவர்களே புரட்சிக்காரர்கள் என்று அவர் பேசியதை அமெரிக்கப் பத்திரிகையாளர் எட்கர் ஸ்னோ 1937இல் வெளிவந்த நூலில் பதிவு செய்தார். அந்தப் பேச்சைப் பலரும் ரசித்துச் சொல்வார்கள். நான் இன்னொருவரை நினைத்துக்கொள்வேன். சீனாவின் பாதுகாப்பு அமைச்சராயிருந்த பெங் தெஹுவாய், மாவோவின் அதே சியாங்டான் வட்டாரத்துக்காரர். 1958இல் சொந்த ஊருக்குப் போய் ஜனங்கள் படும் பாட்டைப் பார்த்தார். மறுவருஷம் அதைச் சொல்லி மாவோவுக்குக் கடிதம் எழுதினார். பதவி போனது. 1974இல் காவலிலேயே உயிர் போனது. அவர் எச்சரித்த பஞ்சத்தில் கோடிக்கணக்கான பேர் மாண்டார்கள். குழம்பை ருசித்துச் சாப்பிடுங்கள். ஆனால் சுவரில் படம் மாட்ட ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பசித்தவனுக்காகப் பேசிய பெங்கைத்தான் நான் மாட்டுவேன்.

கே: தனியாகப் போய்ச் சாப்பிடலாமா? (வாசகர், நாகர்கோவில்)

ப: கூடவே கூடாது. மீன் தலை, புகையில் வாட்டிய பன்றிக்கறி, உரலில் இடித்த மிளகாய், ஒரு கீரை, நடுவில் சோற்றுப் பானை. இதற்கு நாலு பேர் வேண்டும். ஓர் ஆள் குறைந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், கிளம்பி வந்துவிடுகிறேன்.